ஃபெஸ்ஸுக்கு டிக்கெட்! காயலுக்குக் கடப்பாரை!



நண்பர் ஒருவர். பூர்வீகம் காயல்பட்டினம், தொழில் நெல்லையில். உம்ராவை முடித்த கையோடு மொராக்கோவுக்கும் போய்வந்தார். இளவேனில் தொடங்கும் நேரத்தில் அங்கே வாதுமை பூக்குமாம், வெயிலும் தெரியாதாம், அதனால் அந்த மாதம் பார்த்துப் போங்கள் என்று பயண ஏற்பாட்டாளர் சொன்னாராம். ஆளுக்கு எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நமக்குத்தான் தூக்கம் போகும்.

திரும்பி வந்தவர் செல்போனை நீட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஃபெஸ் நகரத்துப் பழைய ஊர். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. கார் நுழையாது. கழுதையில்தான் சரக்கு போகிறது. தோல் பதனிடும் தொட்டிகள் வட்ட வட்டமாகச் சாயம் நிறைந்து கிடக்கின்றன. "இப்படி ஒரு ஊரைப் பார்த்ததே இல்லை காக்கா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இவர் பிறந்த ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பெண்கள் போய்வர முடுக்கு உண்டு. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் உம்மா வீட்டுக்கு ஒரு பெண் முன்தெருவையே மிதிக்காமல் போய்த் திரும்பலாம். ஃபெஸ்ஸின் சந்து அதிசயம் என்றால் இது என்ன? இவரது உம்மாவைப் பெற்ற உம்மாவின் வீடு அப்படி ஒரு முடுக்கில்தான் இருந்தது. இருந்தது! இடித்தாகிவிட்டது. தேக்குத் தூண்கள் எடைக்குப் போயின. அந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி கான்கிரீட். பங்காளிகளுக்குள் பிரிக்க வசதியாக இருக்கிறதாம்.

அந்தப் படங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. ஒரு மதரஸாவின் சுவரில் பதித்த பளிங்குக் கல். மேலிருந்து கீழ்வரை அரபு எழுத்து. "இது என்ன?" என்று கேட்டேன். "ஏதோ டிசைன் காக்கா" என்றார்.

வாசகரே, அது டிசைன் அல்ல! ஃபெஸ்ஸின் பூ இனானிய்யா மதரஸா, மரீனிய சுல்தான் அபூ இனான் 1350க்கும் 1355க்கும் இடையில் கட்டியது. அதற்கு என்னென்ன சொத்துக்கள் வக்ஃபு செய்யப்பட்டன என்பதைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகம் இல்லாத காலத்துப் பத்திரம் அது. ஏறத்தாழ 670 ஆண்டுகளாக அந்தக் கல் சுவரிலேயே இருக்கிறது. யாரும் அதன்மேல் டைல்ஸ் ஒட்டவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது. நம் ஊர்க் கற்களைப் பற்றியதும்கூட.

ஃபெஸ் நம்மை எழுதி வைத்தது

மொராக்கோவின் தான்ஜியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1325இல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். 1340களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த கப்பல் புயலில் சிக்க, நம் தமிழ்க் கடற்கரையில்தான் கரையேறினார். அரபிகள் இந்தக் கரையை 'மஅபர்' என்றார்கள். கடந்து செல்லும் துறை என்று பொருள். அன்றைக்கு மதுரையில் இருந்த சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி இவருக்குச் சகலை. டெல்லியில் இவர் மணந்த பெண்ணின் சகோதரியை மணந்தவர். அப்படியிருந்தும் அந்தச் சுல்தான் பிடிபட்டவர்களையும் அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. வெறுத்து எழுதினார். முஸ்லிம் அரசன், அதிலும் சொந்தக்காரன் என்று பூசி மெழுகவில்லை. வரலாறு எழுதுகிறவனுக்கு வேண்டிய நேர்மை அதுதான்.

இப்னு பதூதா காயலுக்கு வந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமை அடிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: அவர் ஊர் திரும்பிய பிறகு, அதே சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, தம் பயணத்தைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். எழுதி முடித்தது 1355இல். எழுதிய ஊர் ஃபெஸ்! மதுரையும் மஅபர் கரையும் அந்த ஊரில் மையில் ஏறின. கல் வெட்டிய கையும் ஏடு எழுதிய கையும் ஒரே ஊர், ஒரே காலம், ஒரே சுல்தான்.

ஆக நம் நண்பர் லட்சக்கணக்கில் செலவழித்து, நம் கரையைப் பற்றிய ஏடு பிறந்த ஊருக்கே போய், அது தெரியாமலேயே திரும்பி வந்திருக்கிறார்.

இன்னொன்று. காயல்பட்டினத்தில் ஸாவியா இருக்கிறது. அதன் முழுப்பெயரில் 'ஃபாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா' என்று வரும். ஷாதுலி என்பது அபுல் ஹஸன் ஷாதுலி (ரஹ்). மொராக்கோவில் பிறந்து 1258இல் எகிப்தில் மறைந்தவர். ஃபாஸி என்றால் ஃபாஸ் ஊர்க்காரர். அரபியில் ஃபெஸ்ஸின் பெயர் ஃபாஸ்! தரீக்கா கூடுமா கூடாதா என்று வாதிட நான் வரவில்லை. அது ஆலிம்கள் பேசவேண்டியது, அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஃபெஸ் என்ற பெயர் நம் தாமிரபரணி முகத்துவாரத்துப் பக்கம் ஒரு வாசலில் எழுதியிருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித்தான் நம்மவர் விமான நிலையத்துக்கு டாக்சி பிடிக்கிறார்.

'மூர்' என்று பெயர் வைத்தவன்

'வந்தேறிகள்' என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் கூட்டத்துக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் 1415இல் மொராக்கோவின் சப்தா (ஸ்யூட்டா) துறைமுகத்தைப் பிடித்தார்கள். அங்கே அவர்கள் சண்டையிட்ட முஸ்லிம்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மூர்'. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தபோதும் கையோடு அந்தப் பெயரைக் கொண்டுவந்தார்கள். மொராக்கோவைக் கனவிலும் கண்டிராத, தமிழும் மலையாளமும் பேசிய நம் முன்னோரும் 'மூர்' ஆனார்கள். இலங்கையில் இன்றுவரை அரசாங்கக் கணக்கெடுப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் மட்டும் 'சோனகர்'.

நமக்கு அந்நியன் என்று பெயர் வைத்தவன்தான் அந்நியன். கல்வெட்டு என்ன சொல்கிறது? காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் ஒன்று 14ஆம் நூற்றாண்டில் 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்று அரசன் பெயரால் அழைக்கப்பட்டது. அங்கிருந்த காழியார் அபூபக்கருக்கு 'உதயமார்த்தாண்டக் காழியார்' என்று அரசன் தன் பெயரையே சூட்டினான். துறைமுக வருமானத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்தான். இந்து அரசன், முஸ்லிம் பள்ளி, தமிழ்க் கல்வெட்டு! மேடை போட்டு மணிக்கணக்கில் பேசும் நல்லிணக்கத்தை ஒரு கல் சில வரிகளில் சொல்கிறது. அது நமக்குக் கிடைத்த பெயர். 'மூர்' என்பது நம்மேல் ஒட்டிய பெயர். எதைப் பாதுகாக்க வேண்டும், சொல்லுங்கள்!

மாசியில் ஒரு பயணம்

படங்களைப் பார்த்த எரிச்சல் தீராமல், 2025 மாசியில், நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன். எங்களுக்கும் இளவேனில் உண்டு! செய்துங்கநல்லூர் தாண்டினால் பிசான நெல் அறுப்புக்கு நிற்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுத் தண்ணீர். குரும்பூர் பக்கம் பனையில் பாளை விட ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாளில் பதநீர் இறங்கும். இதைப் பார்க்க விசா வேண்டாம். ரயில் டிக்கெட் ஒரு டீ, வடை காசு.

இந்த ரயில் பாதையே ஒரு சரித்திரப் புத்தகம். செய்துங்கநல்லூருக்கு அடுத்த பக்கத்தில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்த தாழிகளும் இரும்புக் கருவிகளும் பெர்லினுக்குப் போய்விட்டன. ஆற்றோடு கீழே போனால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலில் கடல் விலகிப் போக, கொற்கை தூர்ந்தது. துறைமுகம் கீழே இறங்கிக் காயலுக்கு வந்தது. அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. ஒரே ஆறு, ஒரே மணல், வேறுவேறு துறைகள்.

காயல் என்றால் சாதாரணத் துறையா? 1290களில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரையும் சரக்கும் ஏற்றிவரும் கப்பலெல்லாம் இங்கே தொட்டுத்தான் போகும் என்று எழுதினார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர் துறைகளுக்கு வந்தன, ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை என்று கணக்குச் சொல்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அந்த வணிகத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராகவே இருந்தார். பிஷப் கால்டுவெல் 1870களில் பழையகாயலில் தோண்டிப் பார்த்தபோது சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தன. 1877இல் அதை எழுதி அச்சிட்டார். கிறிஸ்தவப் பாதிரியார் தோண்டினார், எழுதினார். நாம்?

காயல்பட்டினத்தில் இறங்கினேன். தெருக்கள் சுத்தம். பழைய கற்பள்ளிகளின் தூண்களைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் மண்டபத் தூண் போலவே இருக்கும், உருவம் மட்டும் இருக்காது, அதற்குப் பதில் பூவும் கொடியும். தமிழ்த் தச்சன் உளி. பாரசீகக் குவிமாடமும் இல்லை, அரபு மினாராவும் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் தீர்மானித்த வடிவம் இது. மெஹ்ரதாத் ஷொகூஹி என்ற வெளிநாட்டு ஆய்வாளர் இந்தப் பள்ளிகளை அளந்து, வரைபடம் போட்டு, 2003இல் பெரிய ஆங்கிலப் புத்தகமாக வெளியிட்டார். அதன் தமிழாக்கம் நம் எத்தனை மதரஸா நூலகங்களில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் பார்த்தவரை ஆங்கிலப் பிரதியே இல்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழையிலே போச்சு தம்பி" என்றார். 2023 டிசம்பர் மழை. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய ஊர் இது. அவர் வீட்டுப் பரணில் வாப்பாவின் வாப்பா வைத்திருந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்தனவாம். நனைந்து கட்டி தட்டிப் போயின. "கட்டிலைக் காய வச்சோம், கிதாபை எப்படிக் காய வைக்கிறதுன்னு யாருக்கும் தெரியலே." இந்த ஊர்தான் மாதிஹுர் ரசூல் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவைப் பெற்ற ஊர்! அரிசி வந்தது, போர்வை வந்தது, நம் அமைப்புகள் எல்லாம் ஓடி வந்து உழைத்தன, அல்லாஹ் அவர்களுக்குக் கூலி தருவான். எத்தனை வீட்டில் எத்தனை கையெழுத்து ஏடுகள் நனைந்தன என்று குறிப்பேடோடு வந்தவர் ஒருவர் உண்டா?

கல்லா, காகிதமா?

"ஏன்யா, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கு, வட்டிக் கொடுமை இருக்கு, இட ஒதுக்கீடு இருக்கு. பழைய கல்லைப் பற்றி எழுதப் பக்கம் எதற்கு?" என்று நம் அமைப்பிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. பதிலை நான் சொல்ல வேண்டியதில்லை, டெல்லி சொல்லிவிட்டது!

நான் காயலுக்குப் போய்வந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2025 ஏப்ரல் 8 அன்று வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'பயன்பாட்டினால் வக்ஃபு' என்ற வகையையே இனிமேல் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், நூற்றாண்டுக் கணக்கில் தொழுது வருகிறோம், அடக்கம் செய்து வருகிறோம் என்பதே சான்றாக இருந்த நிலை அது. முன்பே பதிவானவை தொடரும், ஆனால் தகராறு உள்ளதும், அரசு நிலம் என்று சொல்லப்படுவதும் அதில் சேராது என்றார்கள். ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளம் திறந்து, ஆறு மாதத்தில் விவரமெல்லாம் ஏற்று என்றார்கள். செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பதிவு செய்யும் கட்டாயத்துக்குத் தடை கொடுக்கவில்லை.

சட்டம் அநீதியானது. எதிர்த்தோம், எதிர்ப்போம். ஆனால் முத்தவல்லிகள் இரவோடு இரவாகக் காகிதம் தேடி அலைந்த கதை நமக்குத் தெரியும். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். பள்ளியின் பழமைக்கு ஆதாரம் கேட்டபோது, "வாசலில் கல்வெட்டு இருந்ததே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கே என்று பார்த்தால், 10 ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தபோது கிரானைட் ஒட்ட இடைஞ்சல் என்று பெயர்த்துவிட்டார்கள். ஒளுச் செய்யும் ஹவுளுக்குப் பக்கத்தில் படிக்கல்லாகக் கிடந்தது. எழுத்துப் பக்கம் மேலே! இத்தனை ஆண்டும் நாமே காலால் தேய்த்திருக்கிறோம். கடப்பாரையோடு எவனும் வெளியிலிருந்து வரவில்லை. 1992 டிசம்பர் 6ஐ நினைத்து ஆண்டுதோறும் கறுப்புப் பட்டை அணிகிறவர்கள் இதையும் ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"கப்றுக் கல்லைப் பாதுகாப்பது பித்அத்துக்கு வழிவிடும்" என்று ஒரு தம்பி சொன்னார். தம்பி, கல்லை முத்தமிடச் சொல்லவில்லை. படிக்கச் சொல்கிறேன். ஓர் ஊரில் இன்ன ஹிஜ்ரி ஆண்டில் இன்ன வணிகர் அடங்கினார் என்று இருந்தால், அந்த ஊரில் அந்த ஆண்டில் நாம் இருந்தோம் என்று அர்த்தம். நீதிபதிக்குப் புரிகிற மொழி அது.

ஃபெஸ்ஸையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து மெக்னெஸ் நகரில் 2010 பிப்ரவரி 19, ஜும்ஆ நேரத்தில், மழையில் ஊறிய பழைய மினாரா சரிந்து 41 பேர் இறந்தார்கள். பழையதை அப்படியே விட்டாலும் கொல்லும். அதனால்தான் ஃபெஸ்ஸில் அதற்கென்றே ஆளும் பணமும் போட்டு வேலை செய்கிறார்கள். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததோடு படுத்துவிடவில்லை. 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவிய கரவிய்யீன் பள்ளியின் நூலகத்தை, நம் காலத்தில் அஸீஸா ஷாவூனி என்ற இன்னொரு பெண், கட்டடக் கலைஞர், செப்பனிட்டுக் கொடுத்தார். இப்னு கல்தூன் தம் நூலின் பிரதியை வக்ஃபாகக் கொடுத்த நூலகம் அது. நம் ஊரில் பொறியியல் படித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு பள்ளிவாசல் புதுப்பிப்புக் கமிட்டியில் அவர்களில் ஒருத்தியின் பெயரைப் பார்த்ததுண்டா?

அரசாங்கத்தையும் விட முடியாது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் பொருநை அருங்காட்சியகத்தை அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று மூன்று ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். மகிழ்ச்சி, பெருமை, வரவேற்கிறோம். நாலாவது ஊர் எங்கே? கொற்கை தூர்ந்தபிறகு பொருநையின் வாசல் காயல்தானே? பொருநை நாகரிகம் 13ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் நின்றுவிட்டதா, அல்லது அதன்பிறகு கப்பல் ஓட்டியவன் கலிமா சொன்னவன் என்பதால் கணக்கில் வரவில்லையா? கால்டுவெல் விட்ட இடத்திலிருந்து பழையகாயலில் முறையான அகழாய்வு வேண்டும். இதைக் கேட்டு நம் சட்டமன்ற உறுப்பினர்கள் பேச வேண்டும். பேசுவதற்கு முன் ஊரை ஒருதடவை பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

நம் பங்கு வேலைக்குச் சட்டமன்றம் வேண்டாம். எந்தப் பள்ளியில் புதுப்பிப்பு நடந்தாலும், முதல் கல்லைப் பெயர்க்கும் முன் எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் படமெடுங்கள். தமிழ்க் கல்வெட்டை மைப்படி எடுக்க மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் தனிப் பிரிவு நாக்பூரில் இருக்கிறது. அதற்கும் ஒரு கடிதம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டு, வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு களறிச் சாப்பாட்டுச் செலவில் ஓர் ஊர்க் கல்வெட்டையெல்லாம் படித்து முடித்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். ஃபெஸ்ஸில் 400 படம் எடுத்த அதே செல்போனை எடுத்துக்கொண்டு காயலுக்குப் போயிருக்கிறார். உம்மா வீட்டுத் தெருவில் ஆரம்பித்து, மையவாடிச் சுவர்வரை 31 கல் படம் எடுத்திருக்கிறார். ஒன்றில் பாதிக்கு மேல் பெயிண்ட். "அது தமிழா அரபியான்னே தெரியலே காக்கா, சுரண்டட்டுமா?" என்று கேட்டார்.

சுரண்டாதே, அப்படியே வை, தெரிந்தவரை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.